ஐந்தில் மூன்று

“நீ விசில் ஊதினா அந்த வெள்ளைப் பிள்ளையள் நிப்பினமோ?”

கரப்பந்தாட்டப் பயிற்றுநர் சான்றிதழோடு வீட்டுக்கு வந்த அன்று அப்பா என்னிடம் கேட்டது இது. கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்தார். அப்போது எனக்கு இருபது வயது.

“நிப்பினம் அப்பா. ஓடு எண்டா ஓடுவினம்.”

“பாப்பம்,” என்றுவிட்டு வேலைக்குப் போகச் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினார்.

நின்றார்கள். பதினோரு வருடம் நின்றார்கள், ஓடினார்கள், அழுதார்கள், வென்றார்கள். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நான் நல்ல பயிற்றுநர். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லவும் போவதில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு நல்லதாகச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இந்த வருடம் பயிற்றுநர் வகுப்பை முடித்து வெளியே வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, உங்கள் ஒன்றுகூடலில் வாசிக்க என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றவளிடம் அனுபவம் கேட்பது வேடிக்கைதான். சேர்வ் எப்படி, ப்ளொக் எப்படி என்றெல்லாம் நான் எழுதவில்லை. அது வகுப்பிலேயே கிடைக்கும். வகுப்பில் கிடைக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் நான் தோற்றேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா எட்டு வயதிலேயே தோட்டக் கூலிக்குப் போனவர். தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். அம்மா இரண்டாம் வகுப்பு. ஒன்பது வயதிலிருந்து, நாங்கள் குடியேறிய ஊஸ்டர் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன். வதிவிட அனுமதி, காப்புறுதி, பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் என்று எல்லாமே. சமையலறை மேசையில் நான் ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்ல, இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதுதான் எங்கள் வீட்டில் நடந்தது. அதனால் எழுதி வைக்கப்பட்ட எதன் மேலும் எனக்கு ஒரு நம்பிக்கை. உங்களுக்கு அது அவ்வளவு இருக்காது. நல்லது.

நான் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் உதவியாளராக இருந்த பிறகுதான் பிராந்தியச் சங்கம் அந்த விதியைக் கொண்டுவந்தது. சங்கத்தின் இளையோர் உதவியைப் பெறும் ஒவ்வொரு கழகமும், சம்பளத்தோடு ஒரு பயிற்றுநரை எடுக்கும்போது, குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைக்கவேண்டும். தெரிவுக் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கவேண்டும். நான் அதை மூன்று முறை வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். “அப்ப இனி உனக்குக் கிடைக்கும்,” என்றா அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வருடம் மூன்று கழகங்கள் என்னை அழைத்தன. முதலாவதில், பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் போக என் வீட்டில் விடுவார்களா என்று கேட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது, மருந்தகத்தில் முழுநேர வேலை. இரண்டாவதில், கதவருகே கொளுவியில் ஒரு புத்தம் புது மேற்சட்டை தொங்கியது. முதுகில் ‘பயிற்றுநர்’ என்றும் நெஞ்சில் ‘சைமன்’ என்றும் அச்சடித்திருந்தார்கள். நான் அதற்குப் பக்கத்துக் கொளுவியில் என் கோட்டை மாட்டிவிட்டு உள்ளே போய், நாற்பது நிமிடம் என் எதிர்காலத் திட்டங்களை விளக்கினேன். மூன்றாவது கழகம் என்னை எடுத்தது.

அந்தக் கழகம் ஊஸ்டரிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிடம். பெயர் வேண்டாம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள் அணியை எனக்குத் தந்தார்கள். தலைவர் பெயர் ரூடி. அறுபது வயது இருக்கும், சத்தமாகச் சிரிப்பார், தன் கையாலேயே மண்டபத்தின் வலையைத் தைப்பார். என் அணி இரண்டாம் வருடமே ஒரு பிரிவு மேலே போனது. அன்று நடந்த சின்ன விருந்தில் அவர் வைன் கிளாசைத் தூக்கி, “சுபாவை எடுத்தது எங்கள் அதிர்ஷ்டம், ஒரே ஆளில் இரண்டு கட்டத்தையும் நிரப்பினோம்!” என்றார். பெண், வெளிநாட்டுக் குடும்பம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு தெரிவுக் குழுவில் இருக்கவேண்டிய ‘அப்படி ஒருவர்’ நான்தான் ஆனேன். ரூடி, பார்பரா, நான். பார்பரா கழகத்தின் செயலாளர், இரண்டு பிள்ளைகளின் தாய். அதிகம் பேசமாட்டா.

போன வருடம் ஓகஸ்டில், பதினாறு வயதுப் பெண்கள் அணிக்குப் பயிற்றுநர் இடம் வெற்றிடமானது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நான் மருந்தகத்தின் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரூடி அழைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போகவேண்டும். லூக்காஸ்தான் வரப்போகிறான், அது உனக்கும் தெரியும். ஆனால் இன்னும் ஒருவரை அழைத்திருக்கவேண்டும். உங்கள் ஆட்களில் யாராவது இருக்கிறார்களா? அரை மணி நேரம்தான். கோப்பி கொடுப்போம்.”

“யாரும் வராவிட்டால்?”

“படிவம் நிற்கும். படிவம் நின்றால் உதவி நிற்கும். பதினாறு வயது அணி இந்தப் பருவம் இல்லை. உன் பழைய பிள்ளைகள்தானே, நீயே அவர்களுக்குச் சொல்.”

லூக்காஸ் இருபத்துமூன்று வயதுப் பையன், முந்தைய தலைவரின் மகன். கெட்டவன் இல்லை. இரண்டு வருடம் விளையாடியிருக்கிறான், ஒருபோதும் பயிற்றுவித்ததில்லை.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று உங்களுக்கு உடனே தெரியும். எனக்கும் தெரிந்தது. ‘முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் நான் ஒருவரையும் கூப்பிடமாட்டேன்’ என்று ஒரு வசனம் போதும். ஆனால் அந்த அணியில் இருந்த பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நான் பழக்கின பிள்ளைகள். அதோடு இன்னொரு எண்ணமும் வந்தது, அது இன்னும் மோசம். உண்மையிலேயே திறமையான ஒருவரைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினால் அவர்கள் மனம் மாறலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது நான் பொய்யான ஒரு வேலையை நல்ல வேலையாக்கிக்கொண்டேன். அந்த மதியம் சோறு நன்றாகவே இறங்கியது.

மரியதாஸ் அண்ணையை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மன்னாரில் மாவட்ட அணிக்கு விளையாடியவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கரப்பந்து பழக்கிறவர். நாற்பத்துநாலு வயதில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜெர்மனில் அந்தப் பயிற்றுநர் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தவர். என்னைவிட அவருக்கு விளையாட்டு தெரியும். இதை நான் யாரைப் பற்றியும் லேசில் சொல்வதில்லை.

அழைத்தேன். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல்.

“அண்ணை, சுபா கதைக்கிறன்.”

“சொல்லு பிள்ளை. ஆர் விழுந்தது? கையோ, காலோ?”

“ஒருத்தரும் விழேல்லை. எங்கடை கழகத்திலை ட்ரெய்னர் இடம் ஒண்டு இருக்கு. சம்பளத்தோடை. உங்களை நேர்முகத்துக்கு வரச் சொல்லினம்.”

இரைச்சல் குறைந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தியிருக்கவேண்டும்.

“என்னையோ?”

“ஓம்.”

“பொறு, பொறு. அவை கேட்டவையோ, இல்லாட்டி நீ சொல்லிவிட்டனியோ?”

அவர் அதைத்தான் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை மணி, ஒன்றும் இல்லை.

“அவை கேட்டவை அண்ணை.”

“பேர் சொல்லியோ?”

“பேர் சொல்லித்தான்.”

“ரெஜினா நம்பமாட்டாள்,” என்று சிரித்தார். “நீயே ஒருக்கா அவளுக்கு எடுத்துச் சொல்லிப்போடு. நான் சொன்னா, வேலையிலை வைச்சு ஆரோ ஊத்திக் குடுத்திட்டாங்கள் எண்டுவாள்.”

அவர் மனைவி ரெஜினா அக்காவுக்கும் நானே எடுத்துச் சொன்னேன். அதே பொய்யை இரண்டாவது முறை சொல்வது லேசாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தார். அயர்ன் பண்ணிய நீலச் சட்டை, பிளாஸ்டிக் கோப்பில் சான்றிதழ்கள், மண்டபத்துக்கென்று தனியாக ஒரு பையில் சப்பாத்து. கழகத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒருமையில்தான் அழைப்பார்கள். இங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, தங்களோடு சேர்த்துக்கொண்டோம் என்று அர்த்தம். ரூடி இரண்டு முறை “நீ என்றே சொல்” என்றார். “சரி, சொல்கிறேன்” என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அண்ணை “நீங்கள்” என்றார்.

“உன் பலம் என்னவென்று நினைக்கிறாய்?” பார்பரா கேட்டா.

“அதை நான் சொன்னால் சரியில்லை,” என்றார். அவருடைய ஜெர்மன் மெதுவானது, ஆனால் பிழையில்லாதது. “நான் பழக்கின பிள்ளைகளைக் கேளுங்கள்.”

ரூடி சிரித்தார். “பிள்ளைகள் இப்போது இங்கே இல்லையே.”

“அப்படியென்றால் சுபாவைக் கேளுங்கள். அவவுக்குத் தெரியும்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் மத்தியில் தன்னைத் தானே புகழ்கிறவனை யாருக்கும் பிடிக்காது. அவர் வாயைத் திறக்காதது அவர் வளர்ந்த விதம். எனக்கு அது தெரியும், எதிரே இருந்த இருவருக்கும் தெரியாது. அந்த அறையில் இரண்டு பக்கத்தையும் தெரிந்த ஒரே ஆள் நான். அதற்காகத்தான் விதி என்னை அந்தக் கதிரையில் இருத்தியிருந்தது என்று இப்போது படுகிறது. பன்னிரண்டு வருடம், முப்பது நாற்பது பிள்ளைகள், ஒருவரைக்கூட விட்டுவிடாத ஒரு மனிதர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போதும்.

“மரியதாஸ் அனுபவமுள்ளவர்,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் ஆள் என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நன்றி சொல்கிற மாதிரி.

பிறகு இருபது நிமிடம் மண்டபத்தில் பிள்ளைகளோடு. மியா என்ற பிள்ளையின் சேர்வ் ஒரு வருடமாக வலையிலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. நானும் பழக்கிப் பார்த்துச் சலித்த பிள்ளை. அண்ணை மூன்று சேர்வை ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். பிறகு தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, இடது காலை அதில் வைக்கச் சொன்னார். நாலாவது முறை பந்து வலைக்கு மேலால் போனது. ஐந்தாவதும் போனது. மியா தானே கைதட்டிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் தங்களுக்கும் டேப் வேண்டும் என்று சத்தம் போட, அவர், “கால் ஒவ்வொருவருக்கும் வேறு, டேப் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்,” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

அவருக்குப் பிறகு லூக்காஸ் வந்தான். மடிக்கணினியில் பன்னிரண்டு படங்கள். தான் ஒரு பிறவித் தலைவன் என்றான். பிள்ளைகளோடு பந்து விளையாடினான். பிள்ளைகளுக்கும் அவனைப் பிடித்திருந்தது.

பிறகு படிவம். ஒவ்வொருவருக்கும் ஐந்துக்கு ஒரு புள்ளி. மூன்று பேரும் மற்றவருக்குக் காட்டாமல் எழுதி, கையெழுத்திட்டு, உறையில் போட்டு ரூடியிடம் கொடுக்கவேண்டும். கூட்டுத்தொகை எவருக்குக் கூடவோ அவருக்கே இடம். விதி அப்படித்தான் சொல்கிறது, நல்ல விதிதான்.

என் மனதில் இருந்த புள்ளி, அண்ணைக்கு ஐந்து, லூக்காஸுக்கு மூன்று. நான் எழுதியது, அண்ணைக்கு மூன்று, லூக்காஸுக்கு நாலு.

ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ரூடி எப்படியும் லூக்காஸுக்குத்தான் போடுவார், முடிவு நடந்து முடிந்தது, என் ஐந்து எதையும் மாற்றப்போவதில்லை, என் பெயர்தான் கெடும் என்று நினைத்தேன். ஐந்து போட்டால் அடுத்த முறை நான் சொல்கிற எதையும், ‘அவள் தன் ஆளுக்குத்தான் போடுவாள்’ என்று தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன். நான் நடுநிலையானவள் என்று அவர்களுக்குக் காட்டவேண்டும் போல் இருந்தது. என்னிடம் யாரும் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ரூடி தன் நண்பரின் மகனுக்கு ஐந்து போட்டார் என்று பிறகு தெரிந்தது. அவர் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை.

அடுத்த வாரம் பயிற்சி முடிந்து சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். பார்பரா பக்கத்தில் வந்து நின்றா.

“உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். மரியதாஸிடம் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா? எனக்குத் தெரியாதது?”

“இல்லையே. ஏன்?”

“நான் அவருக்கு ஐந்து போட்டேன். லூக்காஸுக்கு மூன்று. நீயும் அப்படித்தான் போடுவாய் என்று நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டுக்குப் பத்து, லூக்காஸுக்குக் கூட.” அவ ஹெல்மெட்டின் பட்டியை இழுத்துக் கட்டினா. “தாள்களைக் கோப்பில் வைக்கும்போது, நீயே மூன்றுதான் போட்டிருக்கிறாய் என்று பார்த்தபோது, எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ உங்கள் ஆட்களைப் பற்றி என்னைவிட அறிவாய்தானே.”

நின்ற நிலையில் கூட்டிப் பார்த்தேன். நான் மனதில் இருந்ததைப் போட்டிருந்தால் அண்ணைக்குப் பன்னிரண்டு, லூக்காஸுக்குப் பதினொன்று.

முடிவு நடந்து முடிந்திருக்கவில்லை. ரூடி முடிந்ததாகச் சொன்னார், நான் நம்பினேன். விதி அந்த ஒரு முறை வேலை செய்யத் தயாராக இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தா. மிச்சம் என் கையெழுத்துத்தான்.

பார்பராவிடம் “நாளைக்கு மழை வருமாம்,” என்று ஏதோ சொன்னேன்.

அண்ணை கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எனக்கு அழைத்து நன்றி சொன்னார்.

“கடிதம் நல்ல மரியாதையா எழுதியிருக்கினம் பிள்ளை. லூக்காஸுக்கு உதவியா, புதன்கிழமையளிலை வரேலுமோ எண்டு கேட்டிருக்கினம். சம்பளம் இல்லை, அது பரவாயில்லை. முதல் கால் வைக்கத்தானே கஷ்டம். நீ இல்லாட்டி என்னை ஆருக்குத் தெரியும்?”

புதன்கிழமைகளில் வந்தார். வேலையிலிருந்து நேரே, சலவைத்தூள் மணத்தோடு. லூக்காஸ் மணிக்கூட்டைப் பார்ப்பான், வலையைக் கட்டச் சொல்வான். பிள்ளைகள் சந்தேகம் வந்தால் அண்ணையிடம்தான் போனார்கள். மார்கழியில் சங்கத்தின் இணையத்தளத்தில் எங்கள் கழகத்தின் படம் வந்தது. அண்ணையும் நானும் வலையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். விதியை முன்மாதிரியாகக் கடைப்பிடிக்கும் கழகம் என்று கீழே எழுதியிருந்தது. ரெஜினா அக்கா அதைத் தொலைபேசியில் போட்டுக் கோவிலில் எல்லோருக்கும் காட்டினா.

தை மாதத்தில் ஒரு நாள், பந்துகள் வைக்கும் அறையில் அவரிடம் சொன்னேன். இனியும் பொறுக்க முடியவில்லை. மனதைக் கழுவிக்கொள்ள நினைத்தேன் என்பதுதான் சரி.

“அண்ணை, அவை உங்களைக் கேக்கேல்லை. படிவத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுது. நான்தான் உங்கடை பேரைக் குடுத்தனான். பேர் சொல்லிக் கேட்டவை எண்டது பொய்.”

அவர் பந்துகளை வலைப்பைக்குள் போடுவதை நிறுத்தவில்லை. “ம்.”

“அதோடை, நான் உங்களுக்கு மூண்டுதான் போட்டனான். மனசிலை இருந்தபடி உங்களுக்கு ஐஞ்சும் அவனுக்கு மூண்டும் போட்டிருந்தா உங்களுக்குத்தான் இடம் கிடைச்சிருக்கும்.”

அப்போதுதான் நிமிர்ந்தார்.

“மூண்டோ?”

“ஓம்.”

“ஐஞ்சிலை மூண்டு. ரூடி எத்தினை போட்டவர்?”

“ரெண்டு.”

“அப்ப பரவாயில்லை, நீ ரூடியிலும் ஒண்டு கூட.” சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். “அந்தப் பொம்பிளை?”

“பார்பரா ஐஞ்சு.”

“அவவுக்கு என்னை முன்னைப்பின்னைத் தெரியாது. கண்ணாலை கண்டதுக்குப் போட்டிருக்கிறா.” பையின் வாயைக் கட்டினார். “ஏன் இப்ப சொல்லுறாய் பிள்ளை? நான் கேட்டனானோ? புதன்கிழமை எண்டா எனக்கு ஒரு சந்தோஷம். காலமை எழும்பேக்கையே, இண்டைக்குப் புதன் எண்டு நினைப்பன். அதையும் எடுத்துப்போட்டாய்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை.”

“ரெஜினாவுக்கு நீதான் எடுத்துச் சொன்னனி. இதையும் நீயே சொல்லு. எனக்கு ஏலாது.”

ரெஜினா அக்கா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டா. பிறகு, “சரி தங்கச்சி, சோறு கொதிக்குது, போனை வைக்கிறன்,” என்றா. அடுத்த புதன் அண்ணை வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. எங்கே அவர் என்று மியா என்னிடம் கேட்டாள். வேலை மாறிவிட்டது என்றேன். மூன்றாவது பொய்.

நான் சங்கத்துக்கு எழுதினேன். நடந்ததை எல்லாம் வரிசையாக, திகதியோடு, நல்ல ஜெர்மனில். ஒன்பது வயதிலிருந்து பழகின வேலை அது. பதில் ஒன்றரைப் பக்கம் வந்தது. விதிப்படி ஒருவர் அழைக்கப்பட்டிருக்கிறார். விதிப்படி குழுவில் ஒருவர் இருந்திருக்கிறார். மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே குறை ஒன்றும் இல்லை. கடைசிப் பந்தியில் மட்டும் ஒரு வழி இருந்தது. குழு உறுப்பினர் ஒருவர், தன் மதிப்பீடு தெரிந்தே நேர்மையற்றுச் செய்யப்பட்டது என்று எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்தத் தெரிவு மீண்டும் ஆராயப்படும். அப்படி ஒப்புக்கொள்பவரின் பயிற்றுநர் உரிமம் விசாரணை முடியும்வரை நிறுத்தப்படும், திரும்பக் கிடைக்காமலும் போகலாம்.

பதிலின் பிரதி கழகத்துக்கும் போயிருந்தது, அந்தப் பந்தியை ரூடியும் வாசித்திருக்கவேண்டும். மாலையே அழைத்தார். “சுபா, உனக்கு விசர் இல்லையே? நாங்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. அந்த மனிதரும் சந்தோஷமாகத்தானே இருந்தார்.” அவர் பொய் சொல்லவில்லை. அண்ணை சந்தோஷமாகத்தான் இருந்தார். ரூடியின் இரண்டைப் பற்றி அவர்கள் யாரும் ஒருபோதும் விசாரிக்கப்போவதில்லை. அவர் அதை நம்பித்தான் போட்டார். மனமறிந்து பொய்ப் புள்ளி போட்டவள் நான் ஒருத்திதான், ஆகவே தண்டனையும் எனக்கு ஒருத்திக்குத்தான். அதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், என் கதிரை இப்போது காலி. அணியிலும் காலி, குழுவிலும் காலி. விதிப்படி இரண்டையும் நிரப்பவேண்டும். இந்த வருடம் சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலில் இருக்கும் உங்களில் ஒருவருக்கு அழைப்பு வரும். அன்பாகத்தான் பேசுவார்கள், கோப்பியும் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்பார்கள். போகாதே என்று நான் சொல்லமாட்டேன். நான் போயிராவிட்டால் அந்தக் கழகத்தில் ஒன்பது வருடம் எனக்கு இருந்திராது. ஆனால் அந்த உறைக்குள் போடப்போகும் தாளில் நீங்கள் எழுதுகிற எண் உங்கள் மனதில் இருக்கிற எண்ணாக இருக்கட்டும். உங்கள் ஆளாக இருந்தாலும் அப்படியே, வேற்றாளாக இருந்தாலும் அப்படியே. வேறு ஒரு பாடமும் என்னிடம் இல்லை. அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவும் இல்லை. அடுத்த முறை எங்கள் ஆள் ஒருவர் வந்தால் பார்பராவும் ஐந்துக்குப் பதில் நாலுதான் போடுவா, பாருங்கள்.

அண்ணையிடம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன், சங்கத்துக்கு அப்படி ஒப்புக்கொண்டு எழுதட்டுமா என்று. “எனக்காக எண்டு எழுதாதை. பருவம் அரைவாசி முடிஞ்சுது. இனித் தந்தாலும் நான் போகமாட்டன்,” என்றார். பிறகு, “உனக்காக எண்டா அது உன்ரை விஷயம்,” என்றார்.

மூன்று வரிதான் எழுதினேன். அவருக்கு ஐந்து என்று தெரிந்தும் மூன்று போட்டேன் என்பது முதல் வரி. லூக்காஸுக்கு மூன்று என்று தெரிந்தும் நாலு போட்டேன் என்பது இரண்டாவது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பது மூன்றாவது. கீழே என் முழுப்பெயரையும் உரிம இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, உரிம அட்டையையும் அதே உறைக்குள் வைத்து, திங்கட்கிழமை காலை ஊஸ்டர் தபாலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.